கேள்வி – பதில்: நார்ச்சத்து சேர்த்த புரோபயாடிக் பால் நொறுவல்கள்

சென்ற இதழில் நார்ச்சத்தும் நன்மை தரும் நுண்ணுயிரும் சேர்ந்த பால்பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில், தயாரிப்பில் இறங்கியிருப்பவர்களும் உணவுத் தொழில்நுட்பம் படிப்பவர்களும் அனுப்பியவை நிறைய. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

தயிரிலேயே உயிருள்ள பாக்டீரியா இருக்கிறதே, பிறகு எதற்கு ‘புரோபயாடிக்’ என்று தனியாகச் சொல்கிறார்கள்? நார்ச்சத்து எவ்வளவு இருந்தால் லேபிளில் அதைக் குறிப்பிடலாம்?

தயிருக்கென்று விற்கப்படும் உறையில் வழக்கமாக இரண்டு வகை பாக்டீரியா இருக்கும்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசிலஸ் பல்கேரிக்கஸ். பாலைத் தயிராக்கும் வேலையை இவை திறம்படச் செய்கின்றன. லாக்டோஸ் செரிமானத்துக்கும் உதவுகின்றன. ஆனால் இரைப்பை அமிலத்தையும் பித்தநீரையும் தாண்டிப் பெருங்குடல்வரை உயிரோடு போய்ச் சேர்பவை இவற்றில் குறைவு. போதிய எண்ணிக்கையில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர் என்பதுதான் புரோபயாடிக்குக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2001-ல் கூட்டிய வல்லுநர் குழு தந்த வரையறை. இதில் ‘போதிய எண்ணிக்கை’, ‘உயிருள்ள’ என்ற இரண்டு சொற்களையும் தயாரிப்பாளர்கள் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். நன்மை என்பதும் இனத்துக்குப் பொதுவானதல்ல. குறிப்பிட்ட ஒரு ஸ்ட்ரெயினில் (இனத்துக்குள் அடங்கும் உட்பிரிவில்) நிரூபிக்கப்பட்ட பலனை அதே இனத்தின் இன்னொரு ஸ்ட்ரெயின் தரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

புளித்த பால்பொருட்களுக்கான கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தரக் குழு) தரவிதி, லேபிளில் பெயர் சொல்லிக் குறிப்பிடும் நுண்ணுயிர் கிராமுக்குக் குறைந்தது 10 லட்சம் சிஎஃப்யூ (வளர்ந்து பெருகக்கூடிய உயிருள்ள நுண்ணுயிரின் எண்ணிக்கை) இருக்க வேண்டும் என்கிறது. காலாவதி நாளன்றும் அந்த எண்ணிக்கை இருக்க வேண்டும். நடைமுறையில் ஒரு வேளைக்கு 100 கோடி என்பதை இலக்காக வைப்பார்கள். 100 கிராம் கோப்பையில் அது கிடைக்க, கடைசி நாளில் கிராமுக்கு 1 கோடி உயிரோடு இருந்தாக வேண்டும்.

பாலில் இயற்கையாக நார்ச்சத்து கிடையாது. உள்ளே இருப்பதெல்லாம் நாம் சேர்ப்பதுதான். கோடெக்ஸ் வழிகாட்டலின்படி 100 கிராமுக்கு 3 கிராம் இருந்தால் ‘நார்ச்சத்து உள்ளது’ என்றும், 6 கிராம் இருந்தால் ‘நார்ச்சத்து மிகுந்தது’ என்றும் சொல்லலாம். கடையில் வாங்கும் இன்யூலின் என்ற தாவர நாரின் பவுடரில் நார் 90 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 3 கிராமுக்கு 3.4 கிராம் பவுடர் போட வேண்டும். கையிழப்பையும் எண்ணி 3.5 கிராமாக வைப்பது நல்லது.

இன்யூலின், ஓட்ஸ் பீட்டா-குளுக்கான், கோதுமைத் தவிடு, இசப்கோல் – இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பால்பொருளுக்கு நார் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள்: கரைகிறதா, பாகுத்தன்மையை எவ்வளவு ஏற்றுகிறது, பால்புரதத்தோடு சண்டை போடுகிறதா.

முதல்முறை செய்பவர்களுக்கு இன்யூலினைத்தான் பரிந்துரைப்போம். சிக்கரி வேரிலிருந்து எடுக்கப்படும் இது, சங்கிலி நீளத்தைப் பொறுத்துக் குணம் மாறும். குறுஞ்சங்கிலி வகையான ஃப்ரக்டோ-ஆலிகோசாக்கரைடு எளிதில் கரையும், இலேசாக இனிக்கும். நெடுஞ்சங்கிலி இன்யூலினில் இனிப்பு இல்லை. குளிர்ந்த பாலில் முழுக்கக் கரையாது. ஆனால் கொழுப்பு குறைந்த தயிருக்கு நல்ல வழவழப்பைத் தருகிறது. இதற்கு ஒரு பலவீனம் உண்டு: அமிலமும் சூடும் சேர்ந்தால் சங்கிலி அறுந்து ஃப்ரக்டோஸாகிவிடும். குளிர்பதனத்தில் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.5 அளவில் பயமில்லை. பிஎச் 4-க்குக் கீழுள்ள பழக்கூழில் போட்டுக் கொதிக்கவைத்தால்தான் சேர்த்த நாரை இழப்பீர்கள். ஆகவே இன்யூலினைப் பாலோடு சேருங்கள், பழக்கூழோடு காய்ச்சாதீர்கள்.

ஓட்ஸ் பீட்டா-குளுக்கானுக்கு மதிப்பு அதிகம். நாளொன்றுக்கு 3 கிராம் உட்கொண்டால் இரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவும் என்பதற்கு வலுவான சான்று உண்டு. ஆனால் பால்புரதமும் அதுவும் ஒன்றாக இருக்க விரும்புவதில்லை. அளவு கூடினால் பாலின் முக்கியப் புரதமான கேசின் தனியாகவும் பீட்டா-குளுக்கான் தனியாகவும் ஒதுங்கி, கோப்பைக்குள் இரண்டு அடுக்காகிவிடும். குறைந்த அளவில் சேர்த்து, மீதி நாரை வேறு மூலத்தால் நிரப்புவதுதான் வழி.

அகேசியா பிசின் பலர் கவனிக்காமல் விடும் நல்ல பொருள். 10 விழுக்காடு கரைசலும் நீர்த்தே இருக்கும். பெருங்குடலில் மெதுவாகப் புளிப்பதால் வாயுத் தொல்லையும் குறைவு. குடிக்கும் வகைப் பானங்களுக்கு மிகவும் பொருத்தம்.

இசப்கோலை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடும் தயிரில் போடாதீர்கள். நார்ச்சத்து உரிமைகோரலுக்குத் தேவையான அளவை எட்டும் முன்பே கலவை கொழகொழவென்று ஆகிவிடும்.

தவிடு கரையாது. உறைந்த தயிரின் கட்டுக்குள் துகள் துகளாக உட்கார்ந்து, அந்த இடத்தில் புரத வலையை உடைத்துவிடும். தெளிநீர் அந்த விரிசல் வழியே வெளியே வரும். தவிட்டில் பேசிலஸ் பாக்டீரியாவின் ஸ்போர்களும் (உறங்குநிலை வித்துகள்) பூஞ்சையும் வழக்கமாகவே இருக்கும். பூஞ்சையைப் பாலைச் சூடாக்கும் படியில் அழிக்கலாம், ஸ்போர்கள் அந்தச் சூட்டிலும் தப்பிக்கும். தவிடு கட்டாயம் வேண்டும் என்றால், வறுத்து மொறுமொறுப்பாக்கிக் கோப்பையின் மேல்மூடியில் தனி அறையில் வைத்துக் கொடுங்கள், சாப்பிடும்போது கலந்துகொள்ளட்டும். எங்கள் கணிப்பில் தவிட்டுக்கு அதுதான் சரியான இடம்.

10 கிலோ அளவில் சோதனைத் தொகுதி செய்ய முறையான அளவுகள் தர முடியுமா? கெட்டியாக வடித்த தயிராகவும் செய்ய விரும்புகிறோம்.

சாதாரணக் கெட்டித் தயிருக்கு: பால் 9.35 கிலோ, கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 300 கிராம், இன்யூலின் 350 கிராம்.

இன்யூலினையும் பால்பவுடரையும் உலர்வாகவே நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். இன்யூலினைத் தனியாகக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் உடையாது. பாலை 50 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, கலக்கியபடியே பவுடரைத் தூவுங்கள். 30 நிமிடம் ஊற விடுங்கள். ஹோமோஜனைசர் (கொழுப்புத் துளிகளை உடைத்துச் சீராக்கும் இயந்திரம்) இருந்தால் 60–65 டிகிரியில் 150–200 பார் அழுத்தத்தில் ஓட்டுங்கள். பிறகு 90 டிகிரியில் 5 நிமிடம், அல்லது 85 டிகிரியில் 30 நிமிடம் வைத்திருங்கள். இது கிருமி கொல்ல மட்டும் என்று நினைத்து நேரத்தைக் குறைப்பவர்கள் பலர். இந்தச் சூட்டில்தான் பாலின் வே புரதம் (தெளிநீரில் இருக்கும் புரதம்) உருமாறிக் கேசினோடு ஒட்டிக்கொள்கிறது. தயிரின் கட்டு நீரைப் பிடித்து வைப்பது அதனால்தான்.

40 டிகிரிக்கு ஆறியதும் உறை சேருங்கள். தெர்மோஃபிலஸுடன் புரோபயாடிக் இனங்களான அசிடோஃபிலஸும் பிஃபிடோபாக்டீரியமும் கலந்த, பல்கேரிக்கஸ் இல்லாத உறை கிடைக்கும். அதையே வாங்குங்கள் (காரணம் கீழே வருகிறது). அளவை உறை பொட்டலத்தில் உள்ளபடி போடுங்கள். நேற்றைய தயிரை எடுத்து இன்றைக்கு உறை ஊற்றுவது இதற்கு உதவாது. ஒவ்வொரு சுற்றிலும் வேகமாக வளரும் தெர்மோஃபிலஸ் பெருகி, புரோபயாடிக் இனங்கள் பின்தங்கிவிடும்.

38–40 டிகிரியில் வைத்து, பிஎச் 4.6 வந்ததும் நிறுத்துங்கள். உறையைப் பொறுத்து 5 முதல் 8 மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தை நம்பாமல் பிஎச் மீட்டரை நம்புங்கள். பிஎச் 4.0, 7.0 பஃபர்களில் (பிஎச் உறுதியாகத் தெரிந்த கரைசல்களில்) அன்றன்றைக்குச் சரிபார்த்த மீட்டராக இருக்கட்டும். 4.6 வருமுன் கோப்பையை அசைத்தால் கட்டு உடைந்துவிடும், மீண்டும் கூடாது. உடனே குளிர்வித்து 5 டிகிரிக்குக் கொண்டுபோங்கள்.

வடித்த தயிருக்கு இதே வாய்பாட்டைப் பயன்படுத்தினால் பெரிய இழப்பு வரும். பாக்டீரியா பெரும்பாலும் கட்டியோடு தங்கும், ஆனால் கரைந்த இன்யூலின் தெளிநீரோடு வடிந்து போய்விடும். ஆகவே இன்யூலின் இல்லாமல் தயிரை உறையவைத்து, வடித்து, குளிர்ந்த பிறகு இன்யூலினைச் சேருங்கள். சம எடை தண்ணீரில் இன்யூலினைச் சூடாகக் கரைத்து, 85 டிகிரியில் சில நிமிடம் வைத்து, 10 டிகிரிக்கு ஆறவைத்துக் கலக்க வேண்டும். அப்போது கொஞ்சம் நீர் திரும்ப உள்ளே போகும் என்பதால், வடிப்பதைச் சற்று கூடுதலாகச் செய்துகொள்ளுங்கள். கலக்கும் பாத்திரமும் கரண்டியும் சுத்தமாக இல்லையென்றால் ஈஸ்ட் புகும் இடமும் இதுதான்.

எங்கள் தயாரிப்பில் இரண்டே நாளில் நீர் பிரிகிறது. நாக்கில் மணல் போலவும் படுகிறது.

நீர் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

மேலே மெல்லிய படலமாகத் தெளிநீர் நின்றால், கட்டு பலவீனம் என்று பொருள். சூடாக்கிய நேரம் போதவில்லை, அல்லது 44–45 டிகிரியில் வேகமாக உறையவைத்திருக்கிறீர்கள், அல்லது பாலில் திடப்பொருள் குறைவு. வேகமாக உறைந்த தயிரின் வலை கரடுமுரடாக, பெரிய ஓட்டைகளோடு இருக்கும். வெப்பத்தை 39-க்கு இறக்கி, பால்பவுடரை 1 விழுக்காடு கூட்டிப் பாருங்கள்.

கோப்பையின் குறுக்கே ஒரு அடுக்கு தனியாக, கண்ணாடி போல் கொழகொழப்பாகத் தெரிந்தால் அது தெளிநீர் அல்ல. பீட்டா-குளுக்கான் அல்லது குவார் (கொத்தவரை விதைப் பிசின்) போன்ற பிசின் பால்புரதத்திலிருந்து ஒதுங்கியது. பால்பவுடர் கூட்டினால் இது இன்னும் மோசமாகும். நாரின் அளவைக் குறைப்பது, அல்லது நொதியால் சிறிதாக்கிய குவார் வகைக்கு மாறுவதுதான் தீர்வு. துகள்களைச் சுற்றி மட்டும் நீர் கசிந்தால் கரையாத நார் காரணம். அந்த நாரை உலர்வாகச் சேர்த்தீர்களா என்று கவனியுங்கள். முன்பே ஊறாத நார், தயிர் உறைந்த பிறகு அதிலிருந்து நீரை இழுத்துக் கட்டைச் சுருக்கும்.

மணல்தன்மைக்கு மூலமும் இரண்டு. ஒன்று, நார்த்துகள் பெரிது. 50 மைக்ரானுக்குக் கீழே அரைத்த வகை வாங்கினால் நாக்கில் படுவது குறையும். இன்னொன்று, பால்பவுடர் சரியாக ஊறாதது. இதைத் தெரிந்துகொள்ள, நார் சேர்க்காமல் ஒரு கோப்பை செய்து பாருங்கள். அதிலும் மணல் இருந்தால் குற்றம் நாருடையதல்ல.

செய்த அன்று பரிசோதனையில் எண்ணிக்கை நன்றாக இருக்கிறது. மூன்று வாரத்தில் பிஃபிடோபாக்டீரியம் அடியோடு விழுந்துவிடுகிறது. நார்ச்சத்து அதற்கு உணவுதானே, பிறகு ஏன்?

இந்தக் கேள்விக்குள் ஒரு பொதுவான தவறான எண்ணம் இருக்கிறது. நார் அந்த பாக்டீரியாவுக்கு உணவாவது குடலில், 37 டிகிரியில். 5 டிகிரி கோப்பைக்குள் அது வளர்வதே இல்லை. வளராதவற்றுக்கு உணவு கொடுத்துப் பயனில்லை. போதாததற்கு, எல்லா ஸ்ட்ரெயினும் எல்லா நாரையும் உண்ணாது. குறுஞ்சங்கிலி வகையைப் பல பிஃபிடோபாக்டீரியங்கள் உண்ணும், நெடுஞ்சங்கிலி இன்யூலினை உண்பவை சிலவே. உறை விற்பவரிடம் இந்த ஸ்ட்ரெயின் எந்த நாரில் வளரும் என்று எழுத்துமூலம் கேளுங்கள்.

கோப்பைக்குள் அவற்றைக் கொல்வது பெரும்பாலும் அமிலம். பல்கேரிக்கஸ் குளிரிலும் மெதுவாக அமிலம் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். 4.5-ல் நிறுத்திய தயிர் மூன்று வாரத்தில் 4.2-க்கும் கீழே இறங்கிவிடும், பிஃபிடோபாக்டீரியம் அதைத் தாங்காது. பல்கேரிக்கஸின் சில ஸ்ட்ரெயின்கள் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாக்கும். மேலே பல்கேரிக்கஸ் இல்லாத உறையைச் சொன்னது இதற்காகத்தான். கடைக்குப் போகும் வழியில் குளிர்சங்கிலி 10 டிகிரிக்கு ஏறினால் அமிலமாதல் வேகமெடுக்கும், ஆகவே உங்கள் சோதனைக் கோப்பைகளில் ஒரு பகுதியை 8–10 டிகிரியிலும் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது ஆக்சிஜன். பிஃபிடோபாக்டீரியம் காற்றில்லா இடத்து உயிர். உறை சேர்த்த பின் வேகமாகக் கலக்கி நுரையெழுப்பாதீர்கள். கோப்பையின் மேல் வெற்றிடத்தைக் குறையுங்கள். மெல்லிய பாலிஸ்டைரீன் கோப்பை வழியே ஆக்சிஜன் உள்ளே ஊடுருவும், தடுப்படுக்கு உள்ள கோப்பையும் அலுமினிய மூடியும் வேறுபாட்டைக் காட்டும். தெர்மோஃபிலஸ் உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்று இடத்தைச் சாதகமாக்கும் என்பதால் அதை உறையிலிருந்து நீக்க வேண்டாம்.

எண்ணும் முறையையும் சரிபாருங்கள். மொத்த எண்ணிக்கையை எடுத்துவிட்டு 10 கோடி இருக்கிறது என்று மகிழ்வதில் பொருளில்லை, அது அத்தனையும் தெர்மோஃபிலஸாக இருக்கலாம். ஒவ்வோர் இனத்தையும் அது மட்டும் வளரும் ஊடகத்தில் தனியாக எண்ண வேண்டும். பிஃபிடோபாக்டீரியத்துக்கு முப்பிரோசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி சேர்த்த டிஓஎஸ் அகார், காற்றில்லாச் சூழல், 37 டிகிரி, 72 மணி நேரம். அசிடோஃபிலஸுக்குக் கிளிண்டாமைசினும் சிப்ரோஃபிளாக்சசினும் சேர்த்த எம்ஆர்எஸ். தெர்மோஃபிலஸுக்கு எம்17. முதல் நாள், 7, 14, 21, 28-ஆம் நாள் என்று ஒரே தொகுதியின் தனித்தனிக் கோப்பைகளில் எடுங்கள். திறந்த கோப்பையை மூடி வைத்து மறுவாரம் எடுத்தால் உள்ளே போன காற்றையும் சேர்த்து அளக்கிறீர்கள்.

குளிர்பெட்டி தேவைப்படாத பார் அல்லது சிறு கடிகளாகச் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் இடைநிலை ஈரம்தான் எதிரி. நனைந்த தயிரில் பாக்டீரியா குளிரில் வாழும். நன்றாக உலர்ந்த பவுடரில் உறங்கிக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே, மென்மையாகக் கடிபடும் பாரில், விழித்தும் விழிக்காமலும் சீக்கிரம் மடியும். வாட்டர் ஆக்டிவிட்டி (நுண்ணுயிருக்குக் கிடைக்கும் ஈரத்தை 0 முதல் 1 வரை காட்டும் எண்) என்ற அளவில் சொன்னால், அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் வைக்க 0.25-க்குக் கீழே வேண்டும். மென்மையான பார்கள் 0.5, 0.6 என்று நிற்கும். உலர்பழமோ தேனோ சேர்த்த பாருக்குள் பவுடர் வடிவப் புரோபயாடிக்கைத் தூவினால், பழத்தின் ஈரம் சில நாளில் பவுடருக்கு வந்துசேரும். மென்மையான பார்தான் வேண்டும் என்றால் ஸ்போர் உண்டாக்கும் பேசிலஸ் கோயாகுலன்ஸ் வகையைப் பாருங்கள், அது சூட்டையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கும். தயிர்ச்சுவைப் பூச்சு பூசிய பார்களில் பெரும்பாலும் இருப்பது சர்க்கரை, கொழுப்பு, சூடாக்கி உலர்த்திய தயிர்ப்பவுடர். அந்தப் பூச்சை உயிருள்ள தயிராகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மொறுமொறுப்பான கடிகளுக்கு ஃப்ரீஸ் டிரை (உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தும்) முறை நன்றாக வரும். 1 கிலோ கலவைக்கு: 20 விழுக்காடு திடப்பொருள் உள்ள வடித்த தயிர் 820 கிராம், கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 80, இன்யூலின் 60, டிரிஹலோஸ் (ஒரு வகை இனிப்புச் சர்க்கரை) அல்லது சர்க்கரை 40. இன்யூலினை இங்கே கரைக்காமல் நேராகக் கலக்கலாம், வாயில் நொறுங்கும் பதத்துக்கு அது நல்லதே. பால்பவுடரும் டிரிஹலோஸும் உறையும்போது செல்லின் சவ்வைக் காக்கின்றன. 2–3 கிராம் துளிகளாக ஊற்றி, மைனஸ் 40 டிகிரியில் முழுக்க உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்துங்கள். பனி முழுதும் போகுமுன் தட்டைச் சூடாக்க அவசரப்பட்டால் துளிகள் உள்வாங்கிக் கடினமான வில்லையாகும். சர்க்கரை அதிகமானால் இந்தச் சரிவு இன்னும் சீக்கிரம் வரும். கடைசிக் கட்டத்திலும் பொருளின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

1 கிலோவிலிருந்து ஏறத்தாழ 350 கிராம் கிடைக்கும். அதில் நார் 54 கிராம், அதாவது 20 கிராம் பொட்டலத்தில் 3 கிராம். உலர்த்தும்போதே எண்ணிக்கையில் பத்தில் ஒன்றுதான் மிஞ்சலாம் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள், சேமிப்பில் குறைவது அதற்கு மேல். 20 கிராமில் 100 கோடி வேண்டுமானால் கடைசி நாளில் கிராமுக்கு 5 கோடி மிஞ்ச வேண்டும். கடிகள் காற்றில் நிமிடங்களில் ஈரம் இழுக்கும், ஆகவே ஈரம் குறைத்த அறையில், அலுமினிய அடுக்குள்ள உறையில், நைட்ரஜன் நிரப்பி அடையுங்கள். கடி நமுத்துப்போயிருந்தால் உள்ளே உயிரும் போய்விட்டது என்றே கொள்ளுங்கள்.

உறைந்த தயிர் நொறுவலில் பாக்டீரியா பிழைக்குமா?

நன்றாகவே பிழைக்கும். இழப்பு பெரும்பாலும் உறையும் நேரத்திலும், காற்றைச் சேர்த்து அடிக்கும்போதும் நடக்கும், மைனஸ் 18-க்குப் போனபின் நிலைத்துவிடும். காற்றைக் குறைவாகச் சேருங்கள், வேகமாக உறையவையுங்கள். உருகி மீண்டும் உறைவதுதான் ஆபத்து.

இதைச் சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது என்று சிலர் சொல்கிறார்கள்.

இன்யூலின் குடலில் வேகமாகப் புளித்து வாயு உண்டாக்கும். வேளைக்கு 3–5 கிராம் பெரும்பாலானோர்க்குத் தொந்தரவு தராது. 10 கிராமைத் தாண்டினால் பலருக்கு உப்புசம் வரும், குறுஞ்சங்கிலி வகையில் இன்னும் சீக்கிரம். ஆகவே ஒரே பொட்டலத்தில் ‘நார்ச்சத்து மிகுந்தது’ என்று போட ஆசைப்பட்டு முழுவதையும் இன்யூலினாக அடைக்காதீர்கள், பாதியை அகேசியா பிசினாக மாற்றுங்கள். எரிச்சல்குடல் நோய் உள்ளவர்களுக்கு இன்யூலின் சிறிதளவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், லேபிளில் அதன் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். பால்புரத ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. நோயெதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்கள், மையச் சிரையில் குழாய் பொருத்தப்பட்ட நோயாளிகள் ஆகியோர் உயிருள்ள நுண்ணுயிர்ப் பொருள் எதையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

3.5 விழுக்காடு இன்யூலின் சேர்த்தோம். ஆய்வக அறிக்கையில் நார்ச்சத்து ஏறக்குறைய இல்லை என்று வந்திருக்கிறது. நம்மை ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. ஏஓஏசி என்ற பகுப்பாய்வு அமைப்பின் பழைய 985.29 முறையில் நாரை ஆல்கஹாலில் வீழ்படிவாக்கி எடை பார்க்கிறார்கள். இன்யூலினில் பெரும்பகுதியும் ஃப்ரக்டோ-ஆலிகோசாக்கரைடு முழுதும் அந்த ஆல்கஹாலிலேயே கரைந்து போய்விடும், கணக்கில் வராது. இன்யூலின் போன்ற ஃப்ரக்டான்களை அளக்கும் ஏஓஏசி 997.08, அல்லது எல்லா நாரையும் சேர்த்து அளக்கும் 2009.01 முறையில் செய்து தரும்படி கேளுங்கள். மாதிரியை அனுப்பும்போதே சேர்த்த நாரின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த முறையிலும் குறைவாக வந்தால், குறுஞ்சங்கிலி வகையை உறை தின்றிருக்கலாம். புளிக்கும் முன் ஒன்று, புளித்த பின் ஒன்று, காலாவதி நாளில் ஒன்று என மூன்று மாதிரிகளை ஒரே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முதலிரண்டுக்கும் நடுவே குறைந்திருந்தால் நெடுஞ்சங்கிலிக்கு மாறுங்கள். முதல் மாதிரியிலேயே குறைவு என்றால் எடை போட்ட இடத்தில் அல்லது வாங்கிய பவுடரின் தூய்மையில் தேடுங்கள்.